மஞ்சள் விளக்கு மினுக்கிய ஆறு மாதம்

என் மகள் புதிதாகக் கார் வாங்கியிருக்கிறாள். போன மழைக்காலத்தில் சென்னையில் என்னை ஏற்றிக்கொண்டு ஒரு மேம்பாலத்தில் ஏறினாள். பாதி ஏற்றத்தில் முன்சக்கரம் லேசாக வழுக்கியது. வண்டி தானே வேகத்தை அடக்கிக்கொண்டது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு சின்ன மஞ்சள் விளக்கு இரண்டு தரம் மினுக்கி அணைந்தது.

"பயப்படாதம்மா, அதுவே பாத்துக்கும்" என்றாள் மகள்.

எனக்குச் சுள்ளென்று வந்தது. எனக்கா பயம்? அந்த விளக்கோடு மல்லுக்கு நின்றவள் நான். அது எதைப் பார்த்துக்கொள்ளும், எதைப் பார்த்துக்கொள்ளாது என்று அவளை உட்கார வைத்து வகுப்பெடுப்பேன். அவளுக்கும் இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டியதுதான். ஏழு வயதில் பின் சீட்டில் எம்பிக் குதித்து, "இன்னொரு தடவ சுத்துங்கத்தா, இன்னொரு தடவ" என்று தன் அத்தாவை, அதாவது அப்பாவை, கெஞ்சியவள் அவள்தான். பெரிய படிப்பு படித்ததில் மறந்துபோயிற்று.

எங்கள் ஊர் நீடாமங்கலத்திலிருந்து திருவாரூர் போகிற ரோட்டில் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. பள்ளிவாசலைச் சுற்றி இரண்டு தெரு எங்களுடையது, மிச்சமெல்லாம் வயல். எங்கள் தெருக்களில் மீசை முளைத்தவர்களில் பாதிப்பேர் சபராளிகள். வெளிநாட்டுக்குப் பயணம் போனவர்களை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். என் மாமனார் காலத்தில் மலேயா. எங்கள் காலத்தில் வளைகுடா. ஆண்கள் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை விருந்தாளி மாதிரி வந்து, இரண்டு மாதம் கறி தின்று, அத்தர் மணக்க நடந்து, திரும்பப் போய்விடுவார்கள். 'வீட்டுக்காரர்' என்று சொல்லவே எனக்குச் சிரிப்பு வரும். வீட்டில் இருந்தால்தானே!

என் வீட்டுக்காரருக்கு ஷார்ஜாவில் ஒரு கார் ஒர்க்‌ஷாப்பில் வேலை. ஸ்பானர் எடுத்துக் கொடுக்கப் போனவர், கம்ப்யூட்டரை வைத்து எஞ்சினைத் திருத்துகிற அளவுக்கு வளர்ந்துவிட்டார். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுகிற டர்போ வைத்த கார்களைப் பணக்காரப் பையன்கள் கொண்டுவந்து விடுவார்களாம். இவர் ஒரு கேபிளைச் சொருகி எஞ்சினின் மூளைக்குள் நுழைந்து, காற்று இவ்வளவு, எண்ணெய் இவ்வளவு என்று கணக்கை மாற்றிவிடுவாராம். அதுவரை ஆடு மாதிரி இருந்த வண்டி அதற்கப்புறம் ஜல்லிக்கட்டு மாடாகிவிடும் என்று போனில் சொல்வார். எனக்கு அதில் பாதிதான் புரியும். ஆனால் அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரலில் ஒரு துள்ளல் இருக்கும். மற்ற நேரமெல்லாம் "சாப்டியா, புள்ள தூங்கிடுச்சா" அவ்வளவுதான்.

தெருவில் எஸ்.டி.டி. பூத்துகள் மூடிக்கொண்டு, ஆளுக்கொரு செல்போன் வந்துகொண்டிருந்த காலம் அது. ஒரு சித்திரையில் திடீரென்று வந்து இறங்கினார். ஒர்க்‌ஷாப்பை வேறு இடத்துக்கு மாற்றுகிறார்கள், அதுவரை நீண்ட லீவு என்றார். எங்கள் தெருவில் வாய்ப்பாடு தெரியாதவர்கள்கூட ஒன்றைத் தெரிந்து வைத்திருப்பார்கள்: ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் அந்த நாட்டு விசா செத்துவிடும். சித்திரையில் வந்தவர் ஐப்பசி முடிவதற்குள் திரும்பப் போய்க் கால் வைக்க வேண்டும். போவாரா, இருப்பாரா? எனக்கு அந்த ஆறு மாதமும் இந்த ஒரே நினைப்புதான். அவர் இருந்துவிட வேண்டும் என்று நான் வேண்டாத தொழுகை இல்லை. வாய் திறந்து கேட்டால், "பாப்போம்" என்பார். பார்த்துக்கொண்டே இருந்தோம்.

பெட்டியைத் திறந்த அன்று மாமி முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன். மாமி என்றால் என் மாமியார். போர்வை வரும், பால்மாவு டின் வரும், தைலம் வரும் என்று தெருப் பெண்களைக் கூட்டி உட்கார வைத்திருந்தார். பெட்டியில் பாதிக்கு மேல் கேபிள், ஒரு பழைய லேப்டாப், துணியில் சுற்றிய ஏதோ இரும்பு. "சோப்பாவது வாங்கியாந்தியாடா?" என்று கேட்டார். ஒரு சோப்பு இருந்தது, அவர் குளித்து மீந்தது.

அடுத்த வாரமே சென்னைக்குப் போய் ஒரு பழைய காரை ஓட்டிக்கொண்டு வந்தார். கரும்பச்சை நிறம், டர்போ டீசல். யாரோ பெரிய மனிதர் வைத்திருந்த உயர்ந்த ரகக் கார் என்பதால், அந்தக் காலத்தில் நம் ஊர்க் கார்களில் காணக் கிடைக்காத ஒரு பொத்தான் அதில் இருந்தது. கியருக்குப் பக்கத்தில், வளைந்து வளைந்து சறுக்குகிற காரின் படம் போட்ட பொத்தான். சக்கரம் வழுக்கினால் வண்டி தானே எஞ்சினை அடக்கிவிடுமாம். அடக்கும்போது மஞ்சள் விளக்கு மினுக்குமாம். பொத்தானை அமுக்கினால் அந்த அடக்கம் போய்விடும்.

வந்த காரை அவர் சும்மா விடுவாரா? கொல்லையில் வேப்பமரத்தடியில் நிறுத்தி, இரண்டு நாள் லேப்டாப்போடு அதற்குள் குடியிருந்தார். மூன்றாம் நாள் என்னையும் மகளையும் ஏற்றிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு வந்தார். முதலில் வண்டி பரம சாது. 'இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்' என்று நான் வாயைத் திறக்கப் போன நேரத்தில் டர்போ விழித்துக்கொண்டது. முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. முன்சக்கரம் இரண்டும் கிறீச்சிட்டுச் சுற்ற, ஸ்டியரிங் அவர் கையை ஒரு பக்கமாக இழுத்தது. கட்டவிழ்த்த கன்றுக்குட்டி கயிற்றை இழுக்குமே, அந்த இழுப்பு. மஞ்சள் விளக்கு மினுக்கியது. வண்டி மூச்சடைத்த மாதிரி தொய்ந்து, மறுபடி சாதுவாயிற்று.

மகள் கைகொட்டினாள். இவர் முகம் சுருங்கிவிட்டது.

"பாத்தியா, முக்கியமான நேரத்துல கழுத்தப் புடிக்குது" என்றார்.

"புடிக்கலேன்னா நாம வாய்க்கால்ல கெடப்போம்" என்றேன்.

அவர் எனக்கு விளக்கினார். இந்த மாதிரிக் கார்களில் எஞ்சின் பலம் முழுக்க முன்சக்கரத்துக்குத்தான் போகிறது. வண்டியை இழுப்பதும் அதே சக்கரம், திரும்புவதும் அதே சக்கரம். வேகமாகக் கிளம்பினால் பாரம் பின்னால் சாய்ந்து, முன்பக்கம் லேசாகிவிடும். பிடிப்பு குறைகிற அந்தச் சமயத்தில்தான் டர்போவின் பலம் மொத்தமாக வந்து இறங்கும். டயர் என்ன செய்யும்? தாங்காமல் நின்ற இடத்தில் சுற்றும். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு என் நிலைமைதான் ஞாபகம் வந்தது. இரண்டு வேலையையும் ஒரே ஆள் தலையில் கட்டினால் வழுக்காமல் என்ன செய்யும் என்று சொல்லியும் விட்டேன். அவர் சிரிக்கவில்லை.

அந்த விளக்கின் மேல் அவருக்கிருந்த கோபம் ஓர் உளுந்துக் களத்தில் தீர்ந்தது. எங்கள் பக்கத்தில் நெல் அறுத்த ஈரத்தில் உளுந்து தெளித்துவிடுவார்கள். அறுவடைக்குப் பிறகு செடியோடு கொண்டுவந்து தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற பஸ், லாரி, கார் எல்லாம் அதன்மேல் ஏறிப் போக வேண்டும். அப்படி மிதிபட்டுத்தான் பருப்பு பிரியும். வெளியூர்க்காரர்கள் ஒதுங்கிப் போவார்கள். எங்களுக்கு ஒதுங்கிப் போவதுதான் மரியாதைக் குறைவு.

அன்று பொத்தானை அமுக்கி விளக்கின் தொந்தரவே இல்லாமல் செய்துவிட்டு, உளுந்துக்கு முன்னால் வேகத்தைக் குறைத்தார். நல்ல பிள்ளையாக ஏறினார். பாதியில் என்ன புத்தி வந்ததோ, ஓர் அமுக்கு அமுக்கினார். டர்போ வந்தது. காய்ந்த உளுந்துமேல் முன்சக்கரம் இரண்டும் பம்பரம் மாதிரி சுற்றின. ஒரு முழக் கனத்துக்குப் பரப்பியிருந்த செடி பின்னால் பறந்து போய் வாய்க்காலில் விழுந்தது. வண்டி மட்டும் நின்ற இடத்தில் நின்றது.

கையில் விளக்குமாற்றோடு ஓர் அம்மாள் வந்தார். அறுவடைக்கு வந்தவர், நல்ல வாட்டசாட்டம், நல்ல குரல்.

"ஏன்ப்பா, ஏறி மிதிச்சுட்டுப் போன்னு போட்டா, நீ என்னா வாரித் தூத்திட்டுப் போற?"

இவர் இறங்கினார். பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு வாய்க்காலில் இறங்கி, மிதந்த செடியை வாரி வாரிக் கரையில் போட்டார். நானும் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ரோட்டோரத்தில் சிதறியதைக் கூட்டினேன். அந்த அம்மாளுக்குக் கோபம் தணிந்துவிட்டது. ஓரமாக உட்கார்ந்து வெற்றிலை போட்டபடி கேட்டார்:

"பள்ளிவாசத் தெருவா? வெளிநாட்டுலேந்து வந்தியளா? எப்ப வந்தீங்க? எப்ப போறீங்க?"

இந்த இரண்டு கேள்வியையும் ஒட்டியே கேட்பார்கள். ஊரில் கால் வைத்த மனிதனிடம் 'எப்ப வந்தே' என்பதோடு நிறுத்திக்கொள்ள யாருக்கும் தோன்றாது. 'எப்ப போறே' என்று விரட்டித்தான் வரவேற்பார்கள். எனக்கு எரியும். இவர் வாய்க்காலில் நின்றபடி, "பாப்போம்" என்றார். அன்றைக்கு அந்தச் சொல்லைக் கேட்க எனக்குப் பொறுக்கவில்லை. கூட்டிக்கொண்டிருந்த உளுந்தை அப்படியே போட்டுவிட்டுக் காரில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

அன்றிலிருந்து ரோட்டில் போகும்போது அவர் அந்தப் பொத்தானைத் தொடவில்லை. விளக்கு அதன் வேலையைச் செய்யட்டும் என்று விட்டுவிட்டார். எஞ்சினையும் மறுபடி திறந்து, டர்போவின் பலம் ஒரேயடியாக வந்து மோதாமல் படிப்படியாக ஏறுகிற மாதிரி கணக்கை மாற்றினார். வண்டி அதற்கப்புறம் கொஞ்சம் வேகம் குறைந்ததோ என்னவோ, ஆனால் காபியை மடியில் சிந்தாமல் குடிக்க முடிந்தது.

ஆனியில் ஆற்றில் தண்ணீர் வந்த சமயத்தில் நீடாமங்கலம் போகிற வழியில் ஒரு தகரக் கொட்டகையைப் பிடித்தார். "சும்மா பொழுது போவட்டும்" என்றார். வெளிநாட்டுக் காசில் கார் வாங்கிய வீட்டுப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்தார்கள். மன்னார்குடியிலிருந்து வந்தார்கள், நாகூரிலிருந்துகூட ஒரு பையன் வந்தான். எல்லோருக்கும் டயர் புகைய வேண்டும். "பொகையறது டயரு இல்ல தம்பி, ஒங்க அத்தாவோட காசு" என்று இவர் திட்டுவார். திட்டிக்கொண்டே கேபிளைச் சொருகுவார். அந்தக் கொட்டகையில் சாப்பாட்டுக் கேரியரைக் கொண்டுபோய் வைத்துவிட்டு நான் ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பேன். கண்ணை மூடிக்கொண்டு எஞ்சின் சத்தத்தைக் கேட்டு, "மூணாவது சிலிண்டருக்கு எண்ணெ பத்தல" என்று சொல்கிற மனிதரை நான் கல்யாணமான ஒன்பது வருஷத்தில் பார்த்ததே இல்லை. எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும், இத்தனை நாள் இவரை எவனோ வைத்திருந்தான் என்று நிறைய ஆத்திரமாகவும் இருந்தது.

எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அப்போதுதான். தெருவில் பேச்சு எழுந்தது. எழட்டும் என்று விட்டோம். ஆவணியில் ஒரு சாயங்காலம், மழை விட்டதும் அவரை உட்கார வைத்து வயல்பக்கம் நான் ஓட்டிப் போனேன். நடவு முடிந்த சமயம். டிராக்டர்கள் சேறு கலக்க மாட்டுகிற இரும்புக் கூண்டுச் சக்கரத்தில் அப்பிக்கொண்டு வந்த களிமண்ணை வழியெல்லாம் உதிர்த்துவிட்டுப் போயிருந்தன. எங்கள் களிமண்ணைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். மழையில் நனைந்தால் வெண்ணெய் தோற்றுவிடும். ஒரு திருப்பத்தில் முன்சக்கரம் இறங்கி மாட்டிக்கொண்டது. நான் ஆக்சிலேட்டரை அமுக்கினேன். மஞ்சள் விளக்கு விடாமல் மினுக்கியது. எஞ்சினில் சத்தமே வரவில்லை, வண்டி உட்கார்ந்துகொண்டே போயிற்று.

"மச்சான், அவ்வளவுதான். ஆளக் கூப்புடுங்க."

"ஆளும் வேணாம், தேளும் வேணாம். மொதல்ல பட்டன அமுக்கு."

"ரோட்டுல தொடாதன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"இது ரோடா? சேத்துல கொஞ்சம் வழுக்கித்தான் ஆவணும். சக்கரம் சுத்துனாத்தான் ஒட்டியிருக்கற களி தெறிச்சுப் போயி, புது மண்ணப் புடிக்கும். அந்த வெளக்குக்கு அது தெரியாது. சுத்துனாலே தப்புன்னு நெனச்சுக் கழுத்தப் புடிச்சுரும். பர்ஸ்ட் கியர் வேணாம், செகண்ட் போடு. பயந்து போட்டு மிதிக்காத. ஸ்டியரிங்க லேசா இப்டி அப்டி ஆட்டு."

பொத்தானை அமுக்கினேன். இரண்டாவது கியர். மெல்ல மிதித்தேன். சக்கரம் சுற்றியது, களி கதவில் சடசடவென்று அடித்தது. ஸ்டியரிங்கை ஆட்டினேன். ஏதோ ஒரு நொடியில் சக்கரம் எதையோ கவ்வியது, வண்டி குலுங்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறிவிட்டது. நான் வண்டியை நிறுத்திவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். அவரும் சிரித்தார். சேற்றில் மாட்டியதற்கு அப்படிச் சிரித்த புருஷன் பெண்டாட்டியைப் பார்த்து, வரப்பில் நின்ற ஆட்கள் எங்களைப் பைத்தியம் என்றுதான் நினைத்திருப்பார்கள். என் வாழ்க்கையில் நான் மிகச் சந்தோஷமாக இருந்த சாயங்காலம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

புரட்டாசி பிறந்ததும் வீட்டில் பேச்சு மாறியது. "டிக்கெட்டு போட்டாச்சா?" என்று மாமி தினம் ஒரு தடவை கேட்டார். மாமியைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். புருஷனைப் பதினெட்டு வருஷம் மலேயாவுக்குக் கொடுத்துவிட்டு மூன்று பிள்ளைகளை வளர்த்தவர். அவர் கண்ணுக்கு, வீட்டிலிருக்கிற ஆம்பளை வேலை போன ஆம்பளை. "போன எடத்துலேந்து வெரட்டிட்டாங்கன்னு ஊரு சொல்லும்டா" என்பார். தகரக் கொட்டகையெல்லாம் அவருக்குக் கணக்கிலேயே வராது.

எங்கள் தெருவில் இதிலொரு வழக்கம் உண்டு. திரும்பி வந்து தங்கிவிட்டவர்கள் யாரும், 'நான் போகவில்லை' என்று சொன்னதாக நான் கேட்டதே இல்லை. கம்பெனியை மூடிவிட்டான் என்பார்கள். மெடிக்கல் சோதனையில் தேறாமல் போய்விட்டது என்பார்கள். அரபி ஏமாற்றிவிட்டான் என்பார்கள். எல்லாம் அவர்களுக்கு நடந்ததாக இருக்கும்; அவர்கள் செய்ததாக ஒன்றும் இருக்காது. மாடி வீடு கட்டத் தெரிந்த ஆண்களுக்கு, 'எனக்கு இங்கேதான் இருக்கப் பிடிக்கிறது' என்று ஒரு வாக்கியம் கட்டத் தெரியாது.

இவரும் ஒருநாள் டிக்கெட்டைக் கொண்டுவந்து அலமாரியில் வைத்தார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அன்று கொல்லையில் காரைக் கழுவிக்கொண்டிருந்தவரிடம் போய் நின்றேன்.

"அப்ப கொட்டாய் எதுக்குப் புடிச்சீங்க? எனக்கு எதுக்குக் கார் கத்துக் குடுத்தீங்க? நீங்க போனப்புறம் நானே ஓட்டிக்கிட்டுப் போயி பேங்க்குல நிக்கறதுக்கா?"

"அம்மா என்னா நெனைக்கும்?"

"நான் என்ன நெனைப்பேன்னு ஒருநாளாவது கேட்டீங்களா?"

அவர் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். தண்ணீர் அவர் கால்மேலேயே கொட்டிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு நான் அவரோடு பேசவில்லை. சோறு போட்டேன், துணி மடித்தேன், பெட்டி கட்டினேன். மகளிடம் சொல்லி அவரிடம் சொல்லச் சொன்னேன். போகட்டும், ஆளில்லாமல் இருந்தவள்தானே நான் என்று வீம்புக்கு இருந்தேன். தனியாகக் குளிக்கப் போன இடத்தில் அழுதேன்.

ஐப்பசி மழையில் அந்த நாள் வந்தது. திருச்சியிலிருந்து மத்தியான விமானம். அதை விட்டால் அடுத்தது நாலு நாள் கழித்து; விசா சாக இருந்ததோ இரண்டே நாள். வழக்கமாக வேன் பிடித்துத் தெருவே ஏர்போர்ட்டுக்குப் போகும். அன்று மழை கொட்டியதால் மாமி மட்டும் பின் சீட்டில் ஏறிக்கொண்டார். மகளை என் அம்மா வீட்டில் விட்டாயிற்று. போகும்போது இவர் ஓட்டுவது, திரும்பும்போது நான் ஓட்டுவது என்று ஏற்பாடு.

நீடாமங்கலம் ரயில்வே கேட்டைப் பற்றி எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் வசையோடுதான் ஆரம்பிப்பார்கள். அன்றும் அடைத்திருந்தது. நெல் ஏற்றுகிற கூட்ஸ் வண்டி எஞ்சின் மாற்றிக்கொண்டு முன்னும் பின்னும் போய்வந்தது. லாரிகள் கண்ணுக்கெட்டிய மட்டும். இவர் கொஞ்ச நேரம் வரிசையில் நின்றார். பிறகு ஒன்றும் சொல்லாமல் வண்டியைத் திருப்பி, ஆற்றங்கரைமேல் போகிற மண்ரோட்டில் விட்டார். அந்த வழியாகப் போனால் வேறொரு சின்ன கேட் வரும். உள்ளூர்க்காரர்கள் வெயில் நாளில் அப்படிப் போவார்கள். மழை நாளில் மாட்டுவண்டிகூடப் போகாது.

"இங்க எதுக்குப் போறீங்க?" என்றேன். பல நாளுக்குப் பிறகு நேராக அவரிடம் பேசியது அதுதான்.

"கேட்ட நம்பி நின்னா ஃப்ளைட்டு போயிரும்" என்றார்.

ஒரு பர்லாங் போயிருப்போம். கரை சரிகிற ஓரிடத்தில் முன்சக்கரம் வழுக்கி, ஓரத்துப் பள்ளத்தில் இறங்கி உட்கார்ந்தது. இவர் ஆக்சிலேட்டரை மிதித்தார். மஞ்சள் விளக்கு மினுக்கியது. எஞ்சின் முனகி அடங்கியது. மறுபடி மிதித்தார். மறுபடி மினுக்கல், மறுபடி முனகல். மாமி பின்னால் யா அல்லா, யா அல்லா என்று ஆரம்பித்துவிட்டார்.

நான் ஸ்டியரிங்கைப் பார்த்தேன். நேராக இருந்தது. கியரைப் பார்த்தேன். முதல் கியர். எனக்கு வேணாம் என்று சொல்லிக்கொடுத்த அதே முதல் கியர். கால் முழுசாக அமுங்கியிருந்தது. அவருடைய இடது கை கியர்மேல் இருந்தது; பொத்தான் அவர் சுண்டுவிரலுக்குப் பக்கத்தில். தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் அந்தக் கை அதைத் தேடாமல் அமுக்கும்.

"மச்சான், பட்டனு" என்றேன் மெதுவாக.

"ம்" என்றார். கை அசையவில்லை. எதிரே கண்ணாடியில் வழிகிற மழையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மழை நாளில் கரை ரோட்டில் ஏன் திருப்பினார் என்பதும் விளங்கியது. ஆறு மாதமாக 'பாப்போம், பாப்போம்' என்றதும் விளங்கியது. பாவி மனுஷன்! வாய் திறந்து சொல்லத் தெரியாமல், ஒரு பள்ளத்தைத் தேடிக்கொண்டு வந்திருக்கிறார். இந்த மனிதரோடா நான் இத்தனை நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்? எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கையை நீட்டினால் எனக்கும் அந்தப் பொத்தான் எட்டும். நான் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டேன்.

"என்னடி அது, வெளக்கு மினுக்கிக்கிட்டே இருக்கு?" என்று மாமி பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

"வழுக்குதுன்னு சொல்லுது மாமி" என்றேன். "களி நல்லாப் புடிச்சிக்கிச்சு. வண்டி தானா இனிமே ஏறாது. யாராச்சும் வந்து இழுத்தாத்தான் உண்டு."

இவர் என் பக்கம் திரும்பவில்லை. ஆக்சிலேட்டரிலிருந்து காலை மட்டும் எடுத்துவிட்டார். எஞ்சின் மெல்ல ஓடிக்கொண்டிருந்தது.

கரைக்குக் கீழே வயலில் ஒரு டிராக்டர் நின்றுகொண்டிருந்தது. அதை ஓட்டுகிறவர் தலையில் உரச்சாக்கைப் போட்டுக்கொண்டு எங்களைப் பார்த்தார். காரின் மேல் கயிறு போட்டுக் கட்டியிருந்த பெட்டியையும் பார்த்திருப்பார். எங்கள் பக்கத்து ஆளுக்கு அது போதும். நான் கதவைத் திறந்துகொண்டு மழையில் இறங்கினேன். செருப்பு களியில் புதைந்து அங்கேயே நின்றுவிட்டது.

"ஏர்போர்ட்டுங்களா?" என்று கீழேயிருந்து கத்தினார். "மத்தியான ஃப்ளைட்டா? கவலப்படாதீங்கம்மா, தோ வந்துட்டேன். அஞ்சு நிமிஷத்துல மேல தூக்கி விட்டுர்றேன், புடிச்சுரலாம்!"

சொல்லிக்கொண்டே ஓடிப்போய் டிராக்டரில் ஏறினார். நல்ல மனிதர். நான் வெறுங்காலோடு கரையோரம் வரை போய், மழைச் சத்தத்துக்கு மேல் எனக்கிருந்த குரல் முழுவதையும் கூட்டிக் கத்தினேன்.

"மெதுவா வாங்கண்ணே! வழுக்குது, பாத்து வாங்க! ஒண்ணும் அவசரமில்ல!"

காருக்குள்ளிருந்து அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார்.